டோக்கன் போடுவதற்கு முன்

“சார், இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க. நீங்க இன்னிக்கே ஒரு டோக்கன் போட்டுட்டீங்கன்னா, ஓனர்கிட்ட பேசி நிறுத்தி வெச்சிடறேன்.”

சென்னையில் வீடு தேடி அலைந்த யாருக்கும் இந்த வசனம் புதிதல்ல. மடிப்பாக்கமோ மாதவரமோ, அந்த ‘இன்னொரு பார்ட்டி’ எங்கேயும் ரெடியாகவே இருக்கிறார். அவரை நேரில் பார்த்தவர்கள்தான் யாரும் இல்லை. ஆனாலும் அவருக்குப் பயந்து, பத்திரத்தின் ஜெராக்ஸைக்கூடப் புரட்டாமல் ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ செல்போனிலேயே அனுப்பிவிட்டு வருகிறவர்கள் ஏராளம். பேரம் பாதி அந்த நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது. பணத்தைக் கொடுத்தவர் இனி லேசில் எழுந்து போக மாட்டார் என்பது எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கும் நன்றாகத் தெரியும்.

வீட்டைப் பார்த்து, பிடித்து, விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, கடைசியில் கடனுக்கு வங்கிப் படி ஏறுவது நம் ஊர் வழக்கம். விலை ஏறிக்கொண்டே போகும் ஊரில் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிப் போடுவதுதான் புத்திசாலித்தனம். சம்பளச் சான்று, மூன்று வருட வருமான வரிக் கணக்கு, வங்கி ஸ்டேட்மென்ட் ஆகியவற்றோடு போனால், வீடு எது என்று முடிவாகாத நிலையிலேயே ‘உங்களுக்கு இவ்வளவு வரை கடன் தரலாம்’ என்று பல வங்கிகள் எழுத்தில் கொடுக்கின்றன. அதற்கு முன் சிபில் மதிப்பெண்ணைப் பார்த்துவிடுவது நல்லது. 300 முதல் 900 வரை உள்ள அளவுகோலில் 750-க்கு மேல் இருந்தால் வங்கிக்காரர் குரலே மாறும். வருடத்துக்கு ஒரு முறை இந்த அறிக்கையை இலவசமாகவே வாங்கிக்கொள்ளலாம். என்றோ மூடியதாக நினைத்த கிரெடிட் கார்டில் சில நூறு ரூபாய் பாக்கி நிற்பது பலருக்கு இதைப் பார்த்தபிறகுதான் தெரியவருகிறது.

அந்தக் கடிதம் கையில் இருந்தால் விற்பவரிடம் பேச்சே வேறு. “நாற்பத்தைந்து நாளில் கிரயம் முடிச்சிடலாம்” என்று தைரியமாகச் சொல்ல முடியும். மகள் கல்யாணத்துக்காக விற்பவருக்கும், வேறொரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் தவிப்பவருக்கும், இரண்டு லட்சம் கூடுதலாகத் தருகிறேன் என்று ஆறு மாதம் இழுத்தடிப்பவரைவிட இந்தக் கடிதத்தோடு வருபவர்தான் தேவை.

கையிலிருந்து எவ்வளவு போட வேண்டியிருக்கும்? இங்கேதான் பெரும்பாலானோர் கணக்கு தப்புகிறது. கடன் 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம், 30-லிருந்து 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் என்பது ரிசர்வ் வங்கி வகுத்த உச்சவரம்பு. வேளச்சேரியில் பதினைந்து வருடப் பழைய ஃபிளாட் ஒன்றை 75 லட்சத்துக்குப் பேசி முடித்ததாக வைத்துக்கொள்வோம். 80 சதவீதம் வங்கி தரும், பாக்கி 15 லட்சம் புரட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் மனக்கணக்குப் போடுவார்கள். ஆனால் வங்கி தன் இன்ஜினியரை அனுப்பும். அவர் நிலத்தின் பங்கைக் கணக்கிட்டு, கட்டடத்துக்கு வயதைக் கழித்து, 66 லட்சம்தான் பெறும் என்று எழுதிவிடலாம். பேசிய விலை, மதிப்பிட்ட விலை இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் கடன். 66 லட்சத்தில் 80 சதவீதம், 52.8 லட்சம். ஆக 22.2 லட்சம் கையிலிருந்து. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், அது 6.75 லட்சம், இதை வங்கி கடன் கணக்கில் சேர்க்காது. தரகருக்கு ஒரு சதவீதம் என்றால் 75,000. வக்கீல் கருத்து, வங்கியின் பரிசீலனைக் கட்டணம், பத்திரத்தை அடமானம் வைப்பதற்கான பதிவு என்று சில்லறைச் செலவுகள் வேறு. பதினைந்து என்று நினைத்த இடத்தில் முப்பது லட்சம் வந்து நிற்கும். அந்த நேரத்தில்தான் நகைக்கடனும் பெர்சனல் லோனும் உள்ளே நுழைகின்றன.

புது ஃபிளாட்டுக்குப் பதிவுச் செலவு கொஞ்சம் குறைவு. 2023 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் நிலப்பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே பத்திரமாகப் பதிய வேண்டும் என்று ஆனபோது, முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை 6 சதவீதம், 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம் என்று வைத்தார்கள். இரண்டாம் கை வீட்டுக்கு இந்தச் சலுகை இல்லை. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் தனி. 45 லட்சத்துக்கு உட்பட்ட சிறிய வீடு என்றால் 1 சதவீதம். நிறைவுச் சான்று வாங்கிவிட்ட வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. எனவே கட்டி முடித்தும் விற்காமல் நிற்கும் வீடுகளை விளம்பர விலையை மட்டும் வைத்து ஒதுக்கிவிடக் கூடாது.

அடுத்து, யாரும் எழுத்தில் கேட்காத ஒரு கேள்வி வரும். “ஒயிட் எவ்வளவு, பிளாக் எவ்வளவு?” எழுபத்தைந்தில் ஐம்பதைப் பத்திரத்தில் காட்டலாம், இருபத்தைந்தை ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கும் பதிவுச் செலவு மிச்சம்தானே என்பார்கள். மிச்சம் என்னவோ உண்மைதான்: 25 லட்சத்துக்கு 9 சதவீதம், 2.25 லட்சம். ஆனால் கடன் 50 லட்சத்துக்குத்தான் கிடைக்கும். 80 சதவீதம் என்றால் 40 லட்சம். மீதி 35 லட்சத்துக்கு எங்கே போவது? பிற்காலத்தில் அந்த வீட்டை விற்கும்போது வாங்கிய விலை 50 லட்சம் என்றே கணக்கில் இருக்கும். மறைத்த 25 லட்சமும் லாபமாகவே தெரியும். நீண்ட கால மூலதன ஆதாய வரி இப்போது 12.5 சதவீதம், அதாவது 3.12 லட்சம். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி தவறு. ரொக்கத்தை வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக விதிக்கப்படலாம். இந்த ஏற்பாட்டில் லாபம் விற்பவருக்கு மட்டும்தான். அதைத் தெரிந்துகொண்டு பேசுவதே ஒரு பேரம்: “முழுத்தொகையும் பேங்க் மூலமா வரும், அதனால விலையைக் குறைங்க” என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள், “முழுசும் ஒயிட்னா ரேட் கூடும்” என்று எகிறுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டாமவரிடம் எழுந்து வந்துவிடலாம்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு. இதை மறந்தால் நோட்டீஸ் வாங்குபவருக்குத்தான் வரும்.

பேரம் என்றதும் ஐந்து சொன்னால் மூன்று கேட்கும் காய்கறிக் கடை நினைவுக்கு வரும். வீட்டு விஷயத்தில் கெட்டிக்காரர்கள் விலையைக் கடைசியில்தான் எடுப்பார்கள். முதலில் கேள்விகள். தாம்பரம் பக்கம் பழைய ஃபிளாட்டை விற்கும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரும், வாங்க வந்த இளைஞரும் பேசிக்கொண்டால் அது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

“தம்பி, எழுபத்தஞ்சுக்கு ஒரு பைசா குறையாது.”

“விலை இருக்கட்டும் அங்கிள். பிளான் அப்ரூவல்ல எத்தனை வீடு போட்டிருக்கு?”

“எட்டு.”

“கட்டியிருக்கறது ஒன்பது ஆச்சே?”

பெரியவர் காபி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுப்பார். அனுமதி இல்லாத அந்த ஒன்பதாவது வீடு இவருடையது இல்லாவிட்டாலும், திட்ட அனுமதியை மீறிய கட்டடம் என்றால் சில வங்கிகள் கடனே தராது, சில வங்கிகள் யோசிக்கும். அதாவது பெரியவருக்கு வாங்க வரும் ஆட்களின் எண்ணிக்கை குறைவு. எழுபத்தைந்து எழுபதுக்கு இறங்கி வருவது இந்த இடத்தில்தான். அதற்கு வரைபடத்தின் நகலை முன்கூட்டியே வாங்கிப் படித்திருக்க வேண்டும். இறங்கி வந்த விலைக்கு வாங்குபவரும் ஒரு நாள் இதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்வது நல்லது.

இதே மாதிரி இன்னொரு கேள்வி யுடிஎஸ். அடுக்குமாடி வீட்டில் ஒருவருக்குச் சொந்தமான, பிரிக்கப்படாத நிலத்தின் பங்கு. வருடம் ஏற ஏறக் கட்டடத்தின் மதிப்பு இறங்கும், நிலத்தின் மதிப்பு ஏறும்; பழைய ஃபிளாட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது. சாதாரணக் கட்டடங்களுக்கு நிலப்பரப்பைப் போல ஒன்றரை மடங்கு கட்டலாம் என்று இருந்ததை 2019-இன் கட்டட விதிகள் இரண்டு மடங்காக உயர்த்தின. ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடி நிலத்தில், முன்பு 3,600 சதுர அடி கட்டினார்கள். ஆயிரம் சதுர அடி வீட்டுக்குச் சுமார் 667 சதுர அடி நிலம் வந்தது. இப்போது 4,800 கட்டினால் 500தான் வரும். 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்தபிறகு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்றாகிவிட்டது. அந்த நாளில் பங்கு பிரிப்பது யுடிஎஸ்-ஐ வைத்துத்தான். ஆகவே சதுர அடி என்ன விலை என்று கேட்பதோடு, ‘யுடிஎஸ் எவ்வளவு’ என்றும் கேட்க வேண்டும். சொல்லும் எண்ணைப் பத்திரத்தில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது கேள்வியை வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயன் இல்லை. “2015 டிசம்பர்ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? 2023 மிக்ஜாம் புயல்ல?” தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டால் முழங்காலா, இடுப்பா என்று கை வைத்தே காட்டிவிடுவார். வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கங்களில் தரைத்தள வீட்டுக்கும் இரண்டாவது மாடிக்கும் விலை வித்தியாசம் பேச இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதி தருவதற்கு 2025-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. அந்த வட்டாரத்தில் புதுத் திட்டம் என்று யாராவது பிரசுரத்தை நீட்டினால், அனுமதி எண்ணையும் தேதியையும் கேட்பதே முதல் வேலை.

பில்டரிடம் பேசும் பேரம் வேறு ரகம். சதுர அடி விலையை அவர் வெளிப்படையாகக் குறைக்க மாட்டார். குறைத்தால் ஏற்கெனவே வாங்கிய நாற்பது பேரும் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார்கள். அதற்குப் பதிலாக வேறு வழிகளில் விட்டுக்கொடுப்பார். மேல்மாடிக்குக் கேட்கும் கூடுதல் தொகை, மூடிய கார் பார்க்கிங் கட்டணம், மாடுலர் கிச்சன், பராமரிப்புக்கான முன்பணம் இவையெல்லாம் பேசினால் கரையக்கூடியவை. திறந்தவெளி கார் பார்க்கிங்கைத் தனியாக விலை போட்டு விற்கவே கூடாது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின்படி அது எல்லோருக்கும் பொதுவான இடம். பேசி வாங்கிய எதுவும் ஒப்பந்தத்தில் எழுத்தாக வராவிட்டால், விற்பனைப் பிரிவில் சிரித்துப் பேசிய அந்தப் பையன் வேறு கம்பெனிக்கு மாறியதும் காற்றோடு போய்விடும்.

2017 மே முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கும் ரெரா, வாங்குபவருக்குக் கொடுத்திருக்கும் ஆயுதங்கள் இன்னும் சில உண்டு. எழுத்து ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்வதற்கு முன் பில்டர் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்று தனிக் கணக்கில் வைக்க வேண்டும். சொன்ன தேதிக்கு வீடு தராவிட்டால் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கார்ப்பெட் ஏரியா, அதாவது உள்ளே பாய் விரிக்கக்கூடிய பரப்பு, எவ்வளவு என்று சொல்லியே ஆக வேண்டும். ‘1,200 சதுர அடி’ என்று விளம்பரத்தில் பார்த்த வீடு நேரில் எண்ணூற்றுச் சொச்சமாகச் சுருங்குவது சென்னைக்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். மாடிப்படியும் லிஃப்டும் வாசல் வராந்தாவும் அந்த 1,200-க்குள் இருக்கின்றன.

இத்தனையும் பேசி முடித்தபின் கிரய ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இதைப் பதிவு செய்வது கட்டாயம். ஆனாலும் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு விட்டுவிடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மூன்று மாதக் கெடு, அதற்குள் முடிக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது என்ற வரி எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். எதிர்ப்பக்கம் ஒரு வரி சேர்க்கச் சொல்லி வாங்குபவர் பிடிவாதம் பிடிக்க வேண்டும்: பத்திரத்தில் உள்ள குறையால் வங்கி கடன் மறுத்தால் முழு அட்வான்ஸும் இத்தனை நாளில் திரும்பத் தரப்படும். விலையில் ஒரு லட்சம் குறைப்பதைவிட இந்த ஒரு வரி பெரியது. இதை எழுத மறுக்கும் விற்பனையாளருக்குத் தன் பத்திரத்தைப் பற்றித் தெரிந்த ஏதோ ஒன்று நமக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

இனி வங்கி. அங்கேயும் பேரம் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. பரிசீலனைக் கட்டணம் குறையும், சில மாதங்களில் தள்ளுபடியும் ஆகும். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போவுக்கு மேல் வங்கி வைக்கும் கூடுதல் சதவீதம், இன்னொரு வங்கியின் அனுமதிக் கடிதத்தைக் காட்டினால் கொஞ்சம் இறங்கும். கடனோடு சேர்த்துத் தலையில் கட்டப்படும் ஆயுள் காப்பீடு சட்டப்படி கட்டாயம் இல்லை. வேண்டுமென்றால் வெளியே டேர்ம் பாலிசி எடுத்துக்கொள்ளலாம். 2024 அக்டோபர் முதல், எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்பதை ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு வங்கிகளின் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

மாறும் வட்டி என்பது எப்படிக் கடிக்கும் என்பதை 2022 காட்டிக்கொடுத்தது. 2020 மே முதல் இரண்டு ஆண்டு ரெப்போ 4 சதவீதத்தில் படுத்துக் கிடந்தது. 2021-இல் வீட்டுக்கடன் 6.5 சதவீதத்துக்கே கிடைத்தது. அப்போது 50 லட்சம் வாங்கியவருக்கு 20 ஆண்டுக்கு மாதத் தவணை 37,279 ரூபாய். 2022 மே மாதம் ஏறத் தொடங்கிய ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5-இல் வந்து நின்றது. இவர் கடன் 9 சதவீதமானது. ஒரு வருடம் கட்டியபின் பாக்கி சுமார் 48.74 லட்சம், அந்த நேரத்தில் ஒரே தாவலாக 9 சதவீதம் ஆகிவிட்டதாகக் கணக்குப் போட்டால், ஒரு மாத வட்டி மட்டும் 36,555. கட்டும் 37,279-இல் அசலுக்குப் போவது 724 ரூபாய். தவணைத் தொகையை மாற்றாமல் விட்டால் கடன் முடிய இன்னும் நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகும். மாதாமாதம் அதே தொகைதானே போகிறது என்று நிம்மதியாக இருந்தவர்கள், ஓய்வு வயதைத் தாண்டியும் கடன் ஓடுவதை ஸ்டேட்மென்ட்டில் பார்த்துத்தான் திடுக்கிட்டார்கள். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டது: வட்டி மாறும்போது தவணையைக் கூட்டவா, காலத்தை நீட்டவா, நிலையான வட்டிக்கு மாறவா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும், தவணை வட்டிக்கும் பற்றாத நிலைக்குப் போகக் கூடாது. 2025-இல் நான்கு முறை இறங்கி, டிசம்பரில் ரெப்போ 5.25-ஆனது. ஏறும்போது உடனே ஏறிய வட்டி, இறங்கும்போதும் நம் கணக்கில் இறங்கியிருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது நம் வேலை. ரெப்போவோடு இணைந்த வங்கிக் கடன் மூன்று மாதத்துக்குள் மாற வேண்டும்.

இதிலிருந்து ஒரு பாடம் எடுக்கலாம். 8.5 சதவீதத்தில் 50 லட்சத்தை 20 ஆண்டில் கட்டினால் மாதம் 43,391. மொத்த வட்டி 54 லட்சம். முப்பது ஆண்டாக நீட்டினால் மாதம் 38,446. வட்டி 88 லட்சம். மாதம் ஐந்தாயிரம் குறைவதற்கு 34 லட்சம் விலை. சம்பளம் இழுத்துப் பிடிக்கும் தொடக்க காலத்தில் நீண்ட காலக் கடன் எடுப்பதில் தப்பில்லை. ஆனால் மாறும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. போனஸோ, சீட்டுப் பணமோ, வருடத்துக்கு ஒரே ஒரு தவணையைக் கூடுதலாகக் கட்டினாலே 20 ஆண்டுக் கடனில் மூன்று ஆண்டுக்கு மேல் குறைந்துவிடும்.

கடைசித் தவணை கட்டிய பின்னும் ஒரு வேலை இருக்கிறது. 30 நாளுக்குள் வங்கி மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறை. பத்திரம் கைக்கு வந்துவிட்டது என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். வங்கியோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் ரசீதுப் பத்திரம் பதிவு செய்யும்வரை, அடைத்த கடன் வில்லங்கச் சான்றில் அப்படியே நிற்கும். நாளை வீட்டை விற்கும்போது, வாங்க வருபவர் விலையைக் குறைக்கக் கையில் எடுக்கும் முதல் தாள் அதுவாகத்தான் இருக்கும்.